மின்சிட்டுகளைப் பிரித்தறிதல்: கேள்வி பதில்

கேள்வி (வால்பாறை): எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் கறுப்பும் சிவப்புமான மின்சிட்டுகள் (ஆங்கிலத்தில் ‘மினிவெட்’) வருகின்றன. என் பழைய கையேட்டில் இது ‘ஸ்கார்லெட் மினிவெட்’. புதிய பட்டியல்களில் ‘ஆரஞ்சு மினிவெட்’. எது சரி?

பதில்: உங்கள் மரத்தில் இருப்பது ஒரே பறவைதான், பெயர்தான் மாறியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் பறவைகளையும், இமயமலை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கும் பறவைகளையும் நெடுங்காலம் ஒரே இனமாக வைத்திருந்தார்கள். வடக்கிலுள்ளது உருவில் சற்றுப் பெரியது, அதன் இறக்கைக் குறியும் வேறு என்பதால் பிறகு இரண்டாகப் பிரித்தார்கள். அப்படிப் பிரிக்கும்போது அறிவியல் பெயர் யாருக்குச் சேர வேண்டும் என்பதை எவரும் விருப்பம்போல் முடிவு செய்ய முடியாது. முதலில் சூட்டிய பெயர் எந்த ஊர்ப் பறவைக்குச் சூட்டப்பட்டதோ, அதற்கே உரியது. இயற்கையியலாளர் ஃபோர்ஸ்டர் 1781-இல் இலங்கைப் பறவைக்கு வைத்த ‘ஃபிளாமியஸ்’ ஆகையால் நம்மிடமே தங்கியது. வடக்கத்திப் பறவைக்குப் பறவையியலாளர் லேதம் 1790-இல் வைத்த ‘ஸ்பெசியோசஸ்’ உரியதாயிற்று. ஆனால் பழகிய ஆங்கிலப் பெயரான ‘ஸ்கார்லெட் மினிவெட்’ வடக்கே போய்விட்டது, நம் பறவை ‘ஆரஞ்சு மினிவெட்’ ஆனது, குழப்பமெல்லாம் அதனால்தான். பழைய குறிப்பேட்டில் பெயரை மட்டும் திருத்திவிடுங்கள், பதிவுகள் வீணாகா.

கேள்வி (விசாகப்பட்டினம்): அப்படியானால் ஆரஞ்சு நிறமாக இருந்தால் தெற்கத்தி இனம், இரத்தச் சிவப்பாக இருந்தால் வடக்கத்தி இனம் என்று கொள்ளலாமா?

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிவப்பின் ஆழம் பறவைக்குப் பறவை மாறும். மாலை வெயிலில் எடுத்த படத்தில் எந்த மின்சிட்டும் தீப்பிழம்பாகத் தெரியும். மின்சிட்டுகளுக்குப் பொதுவான பேரினப் பெயரான ‘பெரிக்ரோகோட்டஸ்’ என்பதற்கே கிரேக்கத்தில் ‘முழுக்கக் குங்குமப்பூ நிறமானது’ என்று பொருள். இந்தப் பேரினத்தில் அந்த நிறம் பல இனங்களுக்கும் பொது. நீங்கள் பார்க்க வேண்டியது, அமர்ந்திருக்கும் ஆணின் மடிந்த இறக்கை. இரண்டு இனத்துக்கும் இறக்கையில் ஒரு பெரிய சிவப்புப் பட்டை உண்டு. வடக்கத்தி இனத்தில், அந்தப் பட்டையோடு ஒட்டாமல், முதுகுப் பக்கம் மடிந்திருக்கும் உள் இறகுகளில் தனியாக ஒரு சிவப்புத் திட்டு, சொட்டு விழுந்தாற்போல இருக்கும். தெற்கத்தி இனத்தில் அந்தச் சொட்டு கிடையாது. கிழக்கு மலைத்தொடரின் வடபகுதியில் வாழ்வது சொட்டு உள்ள இனம் என்பதால், உங்கள் ஊரில் இது ஏட்டுக் கேள்வி அன்று.

கேள்வி (மதுரை): வேலமரத்தில் பார்த்த சிட்டுக்கு வயிறு மஞ்சளாகவும் மார்பு மட்டும் ஆரஞ்சாகவும் இருந்தது. இளம் பறவையா?

பதில்: இல்லை, அது வளர்ந்த ஆண் சின்ன மின்சிட்டு, சுமார் 16 செ.மீ. நீளம்தான். முதுகு கறுப்பாக இல்லாமல் சாம்பலாக இருக்கும். வறண்ட முட்காடு அதற்கு உகந்த இடம்.

கேள்வி (இமயமலையின் குமாவூன் பகுதிக்குச் சென்று வந்தவர்): அங்கே நெடுவால் மின்சிட்டு, குறும்அலகு மின்சிட்டு இரண்டும் உண்டு என்றார்கள். வாலையும் அலகையும் எவ்வளவு பார்த்தும் எனக்குத் தெளியவில்லை.

பதில்: தெளியாதது உங்கள் குறையன்று. அந்தப் பெயர்கள் இரண்டும், உயர்ந்த மரத்தின் உச்சியில் நிற்கும் பறவையிடம் பயன்படாத பெயர்கள். இங்கும் இறக்கைதான் கைகொடுக்கும். நெடுவாலின் சிவப்புப் பட்டையிலிருந்து இறகுகளின் நீளவாட்டத்தில் இன்னொரு சிவப்புக் கோடு இறங்குவதால், மொத்தக் குறியும் கவிழ்த்துப் போட்ட ‘ப’ எழுத்தைப் போல இருக்கும். குறும்அலகில் அந்த இரண்டாம் கால் இல்லை, ஒற்றைக் கோடுதான். பெண் பறவைகளைப் பிரிப்பது இன்னும் எளிது என்பேன்: குறும்அலகுப் பெண்ணுக்கு நெற்றி பளிச்சென்ற மஞ்சள், நெடுவால் பெண்ணுக்கு நெற்றி பெரும்பாலும் சாம்பல். காதையும் பழக்குங்கள். நெடுவால் இரண்டு அசையாக ‘பீ-ரூ’ என்று சீட்டியடிக்கும். குறும்அலகின் குரல் மெல்லிய, ஒரே இழுப்பான சீட்டி. இலைமறைவில் கூட்டம் நகரும்போது குரலே முதலில் வந்து சேரும்.

கேள்வி (கண்டி): எங்கள் தோட்டத்துக் கூட்டத்தில் மஞ்சள் பறவைகளே மிகுதி. எல்லாம் பெண்களா?

பதில்: எல்லாமும் அல்ல. இளம் ஆண்களும் முதலில் தாயைப் போல மஞ்சளும் சாம்பலுமாகவே இருக்கும். பிறகு சிவப்பு இறகுகள் திட்டுத்திட்டாக முளைக்கும். மஞ்சள் மார்பில் இரண்டொரு சிவப்பு இறகு தென்பட்டால், அதை ஆண் என்றே குறித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் ஆரஞ்சு மின்சிட்டோடு சின்ன மின்சிட்டும் இருப்பதால், பெண்ணைப் பார்த்ததும் நெற்றியைக் கவனியுங்கள்: ஆரஞ்சு மின்சிட்டின் பெண்ணுக்கு நெற்றியும் முகமும் தொண்டையும் நல்ல மஞ்சள், சின்ன மின்சிட்டின் பெண்ணுக்கு முகமும் தொண்டையும் வெளிறியிருக்கும், மஞ்சள் கீழே போகப்போகத்தான் கூடும்.