லேசர் தெர்மாமீட்டர் தப்பா காட்டுதா? ரிட்டர்ன் போடாதீங்க

ப்ரோ, நடுராத்திரி ஆஃபர்ல வாங்கின அந்த துப்பாக்கி தெர்மாமீட்டர், கொதிக்கிற தண்ணி இருக்குற எவர்சில்வர் பாத்திரத்த 45 டிகிரினு காட்டுதுன்னு எழுதிருக்கீங்க, பீஸ்ல கோளாறு இல்ல. பளபளன்னு இருக்குற ஸ்டீல் தன்னோட சூட்ட அகச்சிவப்பா ரொம்ப கம்மியாதான் வெளிய விடும், சுத்தி இருக்குறதத்தான் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும், ஆனா அந்த அகச்சிவப்ப வச்சுத்தான் சூட்ட கணக்கு போடுற மீட்டர், பொதுவா 0.95 எமிசிவிட்டினு (ஒரு பொருள் எவ்ளோ நல்லா அகச்சிவப்ப வெளிய விடுதுங்குற அளவு, அதிகபட்சம் 1) வச்சிருக்கும். பாத்திரத்து மேல கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல அடிச்சு பாருங்க, கிட்டத்தட்ட சரியா வரும்.

எங்க வீட்லயும் "இது எதுக்கு தண்டம்"னுதான் ஆரம்பிச்சாங்க, இப்ப தயிருக்கு உறை ஊத்துறதே அத வச்சுத்தான். பால நல்லா கலக்கிட்டு மேலாக்க அடிக்கணும், ஏன்னா மேற்பரப்பு சூடு மட்டும்தான் தெரியும், 40லருந்து 45க்குள்ள வந்தா உறை ஊத்திரலாம். பழகின இரும்பு தோசைக்கல்லுலயும் பக்காவா வேலை செய்யும், நடுவுல ஒரு சூடு ஓரத்துல ஒரு சூடுன்னு பாக்கவே ஜாலியா இருக்கும்.

அப்புறம் கீசர் கொஞ்ச நேரம் ஓடினதும் ப்ளக் மேல அடிங்க, பக்கத்து ப்ளக்க விட ரொம்ப சூடா இருந்தா உள்ள லூஸ் காண்டாக்ட் இருக்கலாம், எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க.

காய்ச்சல் பாக்க மட்டும் வேணாம், அதுக்கு வேற மீட்டர்.