தேதி பின்னோக்கிப் போகிறதே!

கேள்வி: எங்கள் பழைய கம்ப்யூட்டரைத் தினமும் ஆன் செய்யும்போது தேதி பல வருடம் பின்னால் காட்டுகிறது. வங்கித் தளமும் 'பாதுகாப்பற்றது' என்கிறது. வைரஸா?
- வாசகி, தேனி

பதில்: வைரஸ் இல்லை. கம்ப்யூட்டரின் முதன்மைச் சர்க்யூட் பலகையான மதர்போர்டிலுள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். தேதி தவறினால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததுபோல் தெரியும், எச்சரிக்கை அதனால்தான்.

பெரும்பாலும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. பழையதின் மேலேயே அச்சடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்துங்கள். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளிப்பை விரலால் தள்ளினால் பேட்டரி எகிறி வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், கிளிப் உடைந்தால் வேலை பெரிதாகிவிடும்! கூட்டல் குறி மேலே இருக்கும்படி புதியதைப் போடுங்கள். ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 தட்டி, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் தேதியைத் திருத்திச் சேமியுங்கள். லேப்டாப் என்றால் கடையில் கொடுப்பதே மேல்.