சுவருக்கு இருபது லட்சம், பிள்ளைக்கு இரண்டு நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னையில் ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பிரிவில் வேலை செய்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில், படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சுவரோவியம் வரையும் திட்டம் ஒன்றைத் தயாரித்திருக்கிறேன். செலவு இருபது லட்சம். பெயின்ட், சாரம், வெளியூர் ஓவியர்கள், தொடக்க விழா, காணொளி எல்லாம் இதில் அடங்கும். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை உண்டு. இதனால் அங்கே குற்றங்கள் குறையும் என்பதற்கு ஆதாரம் கேட்கிறது நிர்வாகம். அப்படி ஏதாவது இருக்கிறதா? என்ன மாதிரியான படங்கள் வரையலாம்?

ச.

அன்புள்ள ச.,

சில வாரங்களுக்கு முன் கண்ணகி நகர் என்ற மறுகுடியமர்வுக் குடியிருப்பின் வழியாகப் போனதிலிருந்து இதே விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

என்ன படம் வரைவது என்பதை அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். அதை உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். குற்றம் குறையுமா என்ற கேள்வியையும் தூக்கிப் போடுங்கள். அது காவல் நிலையத்தில் கேட்க வேண்டிய கேள்வி. 'இவன் திருடாமல் இருக்க எவ்வளவு செலவாகும்' என்ற கணக்கோடு உள்ளே வருகிறவரைப் பதினாறு வயதுப் பையன் முதல் நாளே கண்டுகொள்வான். கூவக் கரையிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் குடும்பங்களை அள்ளிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே இறக்கியது நாம். தாய்மார்கள் வேலைக்குப் போன வீடுகள் தொலைவாயின. பிள்ளைகளின் பள்ளி பாதியில் நின்றது. முகவரியைச் சொன்னால் வேலை தர மறுத்தார்கள். இத்தனைக்கும் பிறகு அந்தப் பையனிடமே ஆதாரம் கேட்பதற்கு நமக்கு வெட்கமாக இருக்க வேண்டும்.

கண்ணகி நகரின் சுவரோவியங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து தொடங்கிய வேலை அது. அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் காமிராவோடு போனார்கள். அது சிறிய காரியம் இல்லை. என் கவலை உங்கள் கணக்கைப் பற்றியது. சாரத்துக்கு ஒரு தொகை, விழாவுக்கு ஒரு தொகை, பிள்ளைகளுக்கு இரண்டு நாள்! மூன்றாம் நாள் காலையில் அவன் எங்கே போவான்?

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருமுனையில் ஓர் ஆர்ட்டிஸ்ட் கடை இருந்தது. கடைப் பெயர்ப் பலகை, லாரியின் பின்புறம், கோயில் திருவிழாத் தட்டி, தேர்தல் வந்தால் சுவர் என்று எல்லாம் எழுதுவார் கடைக்கார அண்ணன். படிப்பை விட்ட பையன்கள் மூன்று நான்கு பேர் எப்போதும் அவரிடம் இருப்பார்கள். வந்ததும் பிரஷ் கழுவும் வேலை. பிறகு நூல் அடிப்பது. நீலப் பொடியில் தோய்த்த நூலை இரண்டு பேர் இருபுறமும் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். அதற்கப்புறம்தான் எழுத்தின் வயிற்றுக்குள் வண்ணம் நிரப்ப விடுவார். விளிம்பைத் தொடும் உரிமை லேசில் கிடைக்காது. என்னோடு படித்த ஒருவன் ஏழாம் வகுப்போடு நின்று அங்கே சேர்ந்தான். அவன் அப்பா குடிகாரர். சனிக்கிழமை மாலையில் அண்ணன் கையில் வைக்கும் கூலியை அவன் நேராக அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பான். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஜவுளிக்கடைப் பலகையில் 'ஜ' என்ற எழுத்தை முழுதாக எழுத அனுமதி கிடைத்த நாளில், என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினான். அவனுக்கு அண்ணன் ஒழுக்கம் போதித்து நான் கேட்டதில்லை. தாமதமாக வந்தால் திட்டுவார், கோடு கோணினால் அழிக்கச் சொல்வார், சனிக்கிழமை கூலி கொடுப்பார்.

அந்தக் கடைகளுக்கு எந்த நிறுவனமும் நிதி தந்ததில்லை. தொழிலே கூலி கொடுத்தது, தொழிலே ஒரு ஆசானையும் கொடுத்தது. ஃப்ளெக்ஸ் வந்து அவற்றை அடித்துக்கொண்டு போய்விட்டது. படிப்பு ஒட்டாத, கை துறுதுறுவென்றிருக்கிற பையன் போய் உட்கார அப்படி ஓர் இடம் இன்று இல்லை. உங்கள் இருபது லட்சம் நிரப்ப வேண்டியது அந்த இடத்தை.

எல்லோரும் அமெரிக்காவின் பிலடெல்பியாவை உதாரணம் காட்டுகிறார்கள். எதற்காகக் காட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம். 1984இல் மேயர் வில்சன் கூட் காலத்தில், சுவர்களில் கிறுக்குவதைத் தடுக்க அங்கே ஓர் அமைப்பு உருவானது. அதில் வேலைக்குச் சேர்ந்த ஜேன் கோல்டன் என்ற ஓவியர், கிறுக்கிய பிள்ளைகளையே சுவரோவியம் வரையக் கூட்டிக்கொண்டார். 1996இல் அது சுவரோவியத் திட்டமாகவே மாறியது. இன்றுவரை நான்காயிரத்துக்கும் மேற்பட்ட சுவரோவியங்கள். நம்மவர்கள் அந்த எண்ணிக்கையைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். அந்த அம்மையார் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்ததையும், சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்குச் சம்பளத்தோடு தொழில் பழக்கும் பிரிவு ஒன்று அங்கே நடப்பதையும் யாரும் பேசுவதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். இரண்டு நாள் பட்டறையில் அப்படி ஒரு பெண் உருவாவாரா? மழையோ வெயிலோ, மைதானத்துக்கு வந்து நிற்கிற ஒருவர் வேண்டும்.

ஆகவே கணக்கை மாற்றுங்கள். விளம்பரப் பலகை எழுதி, இப்போது வேறு வேலை பார்க்கும் ஓர் ஓவியர் அந்தக் குடியிருப்பிலேயே இருக்கக்கூடும். தேடுங்கள். அவருக்கு மாதம் 25,000 ரூபாய் என்றால் மூன்று ஆண்டுக்கு 9 லட்சம். எட்டுப் பிள்ளைகளுக்கு மாதம் ஆளுக்கு 2,500 என்றால் 7 லட்சத்து 20 ஆயிரம். மீதி 3 லட்சத்து 80 ஆயிரத்தில் பெயின்ட் வாங்குங்கள். சுவர் சின்னதாக இருக்கட்டும். பதினெட்டு வயது ஆகாதவர்களைச் சாரத்தில் ஏற்றாதீர்கள். குழாய் ஒழுகும் சுவரில், ஒழுகலை அடைக்காமல் பிரஷ் வைக்காதீர்கள்.

சம்பளம் கொடுக்கச் சட்டம் இடம் தராது என்று உங்கள் கணக்குப் பிரிவு சொல்லும். சி.எஸ்.ஆர். நிதியில் நிர்வாகச் செலவுக்கான 5 சதவீத வரம்பு நிறுவனத்தின் பொது நிர்வாகத்துக்கு மட்டுமே. திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவு அதில் சேராது. தொடர் திட்டம் என்று அறிவித்தால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் நடத்தலாம். 2021இல் திருத்திய விதிகளில் இருக்கிறது, எடுத்துக் காட்டுங்கள்.

தொடக்க விழா வேண்டாம். திருத்திய கணக்கை எனக்கு அனுப்புங்கள். நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு கடுமையாகப் பேசினேன். அந்த ஓவியர் கிடைத்தால் அவரோடு பேச நானும் வருகிறேன்.

அன்புடன்.