ஒன்பதில் ஏழு கையெழுத்து போதுமா?

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். காரைக்குடி பக்கத்துக் கிராமத்தில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டோம். மொத்தம் ஒன்பது பங்கு. ஏழு பேர் கையெழுத்துப் போடத் தயார். ஒருவர் மலேசியாவில் இருக்கிறார், இன்னொருவர் இறந்துவிட்டார். "ஐந்து லட்சம் அட்வான்ஸ் கொடுங்கள், மீதி ரெண்டையும் நான் முடித்துத் தருகிறேன்" என்கிறார் தரகர். கொடுக்கலாமா ஐயா?
- வாசகி, மதுரை

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம், சகோதரி. தரகர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. முடித்துவிடலாம் என்று அவரே நம்பியிருக்கலாம். நாற்பது வருடம் இந்தப் பக்கத்தில் பத்திரம் எழுதியவன் நான். இங்கே ஒரு வீட்டு வியாபாரம் முறிந்தால், பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு கையெழுத்தில்தான் முறியும்.

செட்டிநாட்டு நகரத்தார் வீட்டில் வளவை (உள் முற்றத்தை) சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், பிரித்துக் கொடுக்கப்பட்டவை. ஊரைவிட்டுப் போனவர்கள்கூட முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து தங்கள் அறையைத் திறப்பார்கள். இறந்தவரின் பங்கு அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும், தாயார் இருந்தால் அவருக்கும் போகும். "பெண்களைக் கட்டிக் கொடுத்தாச்சு" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இரண்டையும் கையில் வாங்கிப் படியுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் கையெழுத்தாக வரவேண்டும்.

என் மனதில் இன்னும் உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். வெளியூர்க்காரர் ஒருவருக்கு நான் எழுதிய பத்திரத்தில், காலமான ஒரு பங்காளியின் மகள் பெயர் விடுபட்டுப் போனது. கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. வாங்கியவர் வெள்ளையடித்துக் குடியும் வந்துவிட்டார். மறு வருடம் அந்த அம்மா வந்து, பையிலிருந்து ஒரு நீளமான இரும்புச் சாவியை எடுத்து இரண்டாவது அறைக் கதவில் போட்டார். பூட்டு சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே அவருடைய அப்பாவின் பெட்டகம் இருந்தது. அவர் சண்டை போடவில்லை, "இது எங்கள் அறை" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது சரி. வாங்கியவர் பிறகு பல வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்.

ஏழு பங்கை மட்டும் வாங்கினால் என்ன ஆகும்? பிரியாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்கு அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து அனுபவிக்கும் உரிமை இல்லை என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு சொல்கிறது. சரி, பாகம் கேட்டு வழக்குப் போடலாம் என்றால், 1893-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி குடும்பத்தார் உங்கள் பங்கை நீதிமன்றம் போடும் விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். பணமும் போட்டு, வீடும் இல்லாமல் நிற்பீர்கள்.

மலேசியாக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் ரொம்ப நல்லது. தனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரம் அனுப்பினால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டதா, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் செத்துப்போகும். அதனால் அவர் உயிரோடு இருப்பதற்கான சான்றும் வேண்டும். அவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அவருக்குத் தரும் பணத்தில் வரி பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. இதை ஓர் ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டும்தான் தெரியும். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதும், பதியாத உயிலும் அதில் வராது. தரகர் காட்டும் முப்பது வருடத்தோடு நிறுத்தாமல் மூலப் பத்திரம் வரை பின்னால் போகச் சொல்லுங்கள். நத்தம் பட்டா, அதாவது ஊர்க் குடியிருப்பு மனைக்கான பட்டா, யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். எல்லாம் சரியென்றால் அட்வான்ஸ் கொடுக்கலாம், ஆனால் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துதான். தமிழ்நாட்டில் 2012 முதல் அது கட்டாயம்.

அப்புறம் வீடு. ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பில் மனதை விட்டுவிடாமல் தேக்குத் தூணின் அடியை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் கேட்டால் கறையான் உள்ளே தின்றிருக்கும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசியிருந்தால் அதன் கீழே ஈரம் தங்கியிருக்கும், அந்தச் செலவையும் விலை பேசும்போது சொல்லுங்கள். ஐப்பசி மழை பெய்த மறுநாள் போய், முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று நின்று பாருங்கள். நிலை, கதவு, தூண், கண்ணாடி எல்லாவற்றையும் எண்ணி ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பேச்சு முடிந்து பதிவுக்கு முன்னால் நிலையைக் கழற்றி பழம்பொருள் கடைக்கு விற்றவர்களும் உண்டு.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யுங்கள். வீட்டைக் கட்டியவரில் தொடங்கி இன்றுள்ள கடைசிப் பேத்தி வரை, பெண்களையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதித் தரும்படி அந்த ஏழு பேரில் மூத்தவரிடம் கேளுங்கள். அவர் எழுதித் தந்தால் தாளை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.