சோப்புப் போட்டால் சுருட்டை முடி வறண்டுதான் போகுமா?

கேள்வி: எனக்கு நெருக்கமான சுருட்டை முடி. ஷாம்பூ ஒத்துக்கொள்ளாமல் மண்டை அரித்ததால், சில மாதங்களாகக் கையால் செய்த இயற்கை சோப்பையே தலைக்கும் போடுகிறேன். அரிப்பு நின்றுவிட்டது. ஆனால் முடி காய்ந்ததும் விறைத்துக்கொள்கிறது, சீப்பு இறங்கமாட்டேன் என்கிறது. எண்ணெயைக் கூட்டிப் பார்த்தேன், பிசுபிசுப்புதான் மிச்சம். சோப்பை விட மனசில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அரிப்பு நின்றது நல்ல சேதி. அதனால் சோப்பை விடச் சொல்லப் போவதில்லை. எனக்கும் சுருட்டை முடிதான், வீட்டில் சோப்பு செய்கிறவளும்கூட. விறைப்பும் பிசுபிசுப்பும் சேர்ந்தே வருகின்றன என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் சந்தேகம் முதலில் தண்ணீர் மேல்தான் போனது. வெறும் வறட்சி என்றால் முடி சொரசொரத்துப் பறக்குமே தவிர, கையில் ஒட்டாது.

சீப்புப் பற்களின் அடியைப் பாருங்கள். வெள்ளையும் சாம்பலுமாக, நகத்தால் சுரண்டினால் மெழுகுப் பதத்தில் வருகிற அழுக்கு இருக்கிறதா? அது பொடுகாக இருக்காது. கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகிவிடும். குளியலறை வாளியின் உள்பக்கம் வளையமாகப் படிகிறதே, அதே கறைதான். அது ஒட்டிய முடியைத் தொட்டால் வறண்டது போலவே தெரியும். உடனே எண்ணெய் தடவுவோம், அந்த எண்ணெய் போகக் கூடுதல் சோப்பு போடுவோம், படிவம் இன்னும் ஏறும். நீங்கள் இந்தச் சுற்றில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். மூடியுள்ள பாட்டிலில் பாதிக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து, சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்து அதே மாதிரி செய்து பக்கத்தில் வையுங்கள். இரண்டாவதில் நுரை பொங்கி, முதலாவதில் நுரை அடங்கித் திரிதிரியாக மிதந்தால் தண்ணீர்தான் காரணம்.

இன்னொரு காரணம் சோப்பிலேயே இருக்கிறது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்து உண்டாவதுதான் சோப்பு. எவ்வளவு இயற்கையானதாக இருந்தாலும் அதன் பி.எச். (அமில, கார அளவு; 7க்கு மேல் காரம், கீழே அமிலம்) 9, 10 அளவில்தான் நிற்கும். மண்டைத்தோலுக்கு அது ஏறக்குறைய 5.5, முடித்தண்டுக்கு அதைவிடவும் குறைவு. முடியின் மேற்பரப்பில் செதில்கள் ஓடு வேய்ந்தாற்போல அடுக்கியிருக்கும். காரம் பட்டால் அவை தூக்கிக்கொள்ளும், முடியோடு முடி உரசிச் சிக்கு விழும். நேர்முடி இதை ஓரளவு தாங்கும். சுருட்டை முடியில் மண்டையில் சுரக்கும் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிக்கு வந்து சேர்வதே அபூர்வம். அதனால் நுனி ஏற்கெனவே காய்ந்துதான் கிடக்கும்.

இப்போது குளிக்கும் முறைக்கு வருவோம். முந்தின இரவோ ஒரு மணி நேரம் முன்போ, முடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய்களை ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வில், முடியின் புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அது முடிக்குள் ஊடுருவும். அப்புறம் முடி முழுக்க ஊறும்வரை தண்ணீர் விடுங்கள். சோப்புக் கட்டியைத் தலையில் தேய்க்கவே கூடாது. உள்ளங்கையில் நுரையாக்கி, விரல் நுனியால் மண்டைக்கு மட்டும் போடுங்கள். அலசும்போது வழிந்து இறங்கும் நுரையே நீளத்துக்குப் போதும். முடியைச் சுருட்டி உச்சியில் வைத்துக் கசக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வழுவழுப்பு துளியும் இல்லாமல் போகும்வரை அலசுங்கள். இதில் அவசரமே கூடாது. ஏனென்றால் அடுத்து வருவது அமிலம். சோப்பு மிச்சமிருக்கும்போது அமிலம் பட்டால் அது உடைந்து கொழுப்பு அமிலமாகத் திரிந்து, தலையிலேயே ஒட்டிக்கொள்ளும். சிலர் சோப்பு நுரையிலேயே எலுமிச்சை பிழிவார்கள். வேண்டாம், இதே கதிதான்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு, 5 சதவீத வினிகர் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி அல்லது சிட்ரிக் அமிலம் கால் தேக்கரண்டி. தலையில் ஊற்றி ஓரிரு நிமிடம் விட்டு, லேசாக அலசுங்கள். முடிந்தால் கடைசித் தண்ணீர் ஆர்.ஓ.வாக இருக்கட்டும். தூக்கிய செதில்கள் இந்த அமிலத்தில் படியும். ஊற்றியவுடனே விரல் வழுக்கிக்கொண்டு இறங்குவது தெரியும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மண்டையில் புண் இருந்தால் ஆறும்வரை வேண்டாம். வாடை முடி காய்ந்ததும் போய்விடும். பிறகு காதுக்குக் கீழே கண்டிஷனர் போட்டு, அது இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

இவ்வளவு மாதப் படிவம் ஒரே குளியலில் போகாது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து இழுக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் சேர்த்த ஷாம்பூவை ஒரே ஒரு முறை போட்டால் சீக்கிரம் கழலும். உங்களுக்குத்தான் ஷாம்பூ அரிக்கிறதே, முதலில் காதின் பின்னால் கொஞ்சம் போட்டு ஒரு நாள் பாருங்கள்.

கேள்வி: எந்த எண்ணெயில் செய்த சோப்பு சுருட்டை முடிக்கு நல்லது?

பதில்: தேங்காய் எண்ணெய் சோப்பு நன்றாக நுரைக்கும், அழுக்கையும் கடுமையாக எடுக்கும். முழுக்க அதிலேயே செய்த சோப்பை உங்கள் தலைக்கு நான் தரமாட்டேன். எண்ணெயாகத் தடவும்போது முடியைக் காப்பது, சோப்பாக மாறினால் அப்படியே நேரெதிர். ஆலிவ் எண்ணெய் முதன்மையாகவும், கொஞ்சம் விளக்கெண்ணெயும் சேர்ந்ததைத் தேடுங்கள். நுரை குறைவாக இருக்கும், பரவாயில்லை. செய்து நான்கு முதல் ஆறு வாரம் காய்ந்த சோப்புதானா என்றும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: முடிக்குச் சாயம் போடுகிறேன். சோப்பு பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். செதில்கள் தூக்கினால் சாயம் சீக்கிரம் வெளியேறும்.

கேள்வி: ஷாம்பூ பார் என்று விற்பதும் சோப்புதானா?

பதில்: சிலது சோப்பு, சிலது இல்லை. உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியம் ஆலிவேட், சோடியம் கோகோயேட் என்றிருந்தால் சோப்பு. மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் என்றிருந்தால் அது சோப்பு வகையே இல்லை. அதன் பி.எச்.சை மண்டைத்தோலுக்கு ஏற்றபடி அமைக்க முடியும், கடின நீரிலும் படிவம் விடாது. பாட்டில் சோதனையில் தண்ணீர் மிகக் கடினம் என்று தெரிந்து, வேறு தண்ணீருக்கும் வழியில்லை என்றால், இந்த இரண்டாவது வகையை வாங்குங்கள்.