ரத்தக்குழாயும் சர்க்கரைக் கழிவும்: வாசகர் கேள்விகள்

சர்க்கரை கூடினால் ரத்தக்குழாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு அடி?

ரத்தக்குழாய்க்கு மட்டுமல்ல, ஆனால் முதல் அடி பெரும்பாலும் அங்கேதான். தசையும் கொழுப்புத் திசுவும் இன்சுலின் வந்து சொன்னால்தான் சர்க்கரையைத் தாராளமாக உள்ளே விடும். குழாயின் உட்சுவரில் இருக்கும் எண்டோதீலியச் செல்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால், குளூட்-1 என்ற கடத்திப் புரதம் வழியாக உள்ளேயும் ஏறும். அதை உடைக்கும்போது மெத்தில்கிளையாக்சால் என்ற துணை விளைபொருள் உண்டாகிறது. புரதத்தில் போய் ஒட்டுவதில் குளுக்கோஸ் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

செல்லுக்குத் தற்காப்பே இல்லையா?

உண்டு. கிளையாக்சலேஸ் 1, 2 என்ற இரு நொதிகள், குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறின் துணையோடு, மெத்தில்கிளையாக்சாலை டி-லாக்டேட் என்ற வேறு பொருளாக மாற்றிவிடும். தப்பியதுதான் புரதத்தோடு சேர்ந்து ஏ.ஜி.இ. எனும் கழிவாகிறது.

செல்லின் மேற்பரப்பில் இருக்கும் 'ரேஜ்' என்ற ஏற்பிப் புரதம் ஏ.ஜி.இ.யைப் பிடித்து அழிக்கிறதாமே?

பிடிக்கிறது, சரி. அழிப்பது அதன் வேலை இல்லை. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. 1992-ல் அடையாளம் காணப்பட்ட ரேஜ் ஓர் அபாய மணி. ஏ.ஜி.இ. வந்து தொட்டதும் செல்லுக்குள் மரபணுக்களை இயக்கும் என்.எஃப்.கப்பா-பி என்ற புரதம் விழித்துக்கொள்ளும். செல்லின் மேற்பரப்பில் ஒட்டுப் புரதங்கள் முளைக்கும், வெள்ளணுக்கள் வந்து ஒட்டும், அழற்சி தொடங்கும். போதாததற்கு, அதே என்.எஃப்.கப்பா-பி இன்னும் அதிக ரேஜை உற்பத்தி செய்யச் சொல்லும்!

நிஜமான துப்புரவு வேறு இடத்தில். ஏ.ஜி.இ. ஏற்றிய அல்புமின் என்ற ரத்தப் புரதத்தை எலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தபோது பெரும்பகுதி கல்லீரலில் போய்ச் சேர்ந்தது. அங்குள்ள நுண்குழாய்களின் உட்சுவரும் எண்டோதீலியம்தான், ஆனால் விழுங்குவதில் கெட்டிக்காரச் செல்கள். ஸ்டெபிலின்-1, ஸ்டெபிலின்-2 போன்ற ஏற்பிகள் பிடித்து உள்ளே இழுக்க, செல்லின் செரிமானப் பையான லைசோசோம் நொறுக்குகிறது. உடலில் இப்படி உடைபடும் ஏ.ஜி.இ.யின் சிறு துணுக்குகள் சிறுநீரகம் வழியே வெளியேறும். சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தில் ஏ.ஜி.இ. தேங்குவது இதனால்தான்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் பழைய கழிவு போய்விடுமா?

எதில் ஒட்டியது என்பதைப் பொறுத்தது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சில மாதங்களில் இறங்கும். குழாய்ச் சுவரின் கொலாஜன் என்ற நார்ப்புரதம் பல வருடம் நிற்பது, ஏ.ஜி.இ.யால் அதன் இழைகளுக்கிடையே விழுந்த குறுக்குப் பிணைப்பு லேசில் போகாது. தீவிரச் சிகிச்சையையும் வழக்கமான சிகிச்சையையும் இரு குழுக்களில் ஒப்பிட்டு 1993-ல் முடிந்த டிசிசிடி என்ற நீரிழிவு ஆய்வில் ஆரம்பத்திலேயே கட்டுப்பாடாக இருந்தவர்களுக்கு, பிறகு இரு குழுவின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றானபோதும், பல வருடங்கள் பாதிப்பு குறைவாகவே இருந்தது. தள்ளிப்போடாமல் சீக்கிரம் தொடங்குங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏ.ஜி.இ.யைக் கரைக்க மாத்திரை?

கடைக்குப் போகாதீர்கள். அமினோகுவானிடின் என்ற வேதிப்பொருள் ஏ.ஜி.இ. உருவாவதைத் தடுக்கும் என்று நம்பிக்கை தந்தது, மனிதரிடம் சோதித்தும் பார்த்தார்கள். மருந்தாக ஒப்புதல் பெறவில்லை.