யூடியூப் சேனலுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

வீட்டிலிருந்தே சேனல் தொடங்கினால் யார் பணம் தருகிறார்கள் என்று புதியவர்கள் பலரும் கேட்கிறார்கள். தருபவர் விளம்பரதாரர். முழுநீளக் காணொளியில் வரும் விளம்பரத்தின் வருவாயில் 55 சதவீதம் சேனல்காரருக்கு, மீதி யூடியூபுக்கு. இதுதான் விளம்பரப் பங்கு.

திருவிழாவில் கூட்டம் சேரும் இடத்துக்குத்தான் கடைக்காரர் வாடகை கொடுப்பார். ஆள் நடமாட்டமில்லாத சந்துக்கு யார் கொடுப்பார்? அதனால்தான் 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் இருந்தால்தான் விளம்பரப் பங்கு என்கிறது யூடியூப். (குறுங்காணொளிகளுக்குக் கணக்கு வேறு.) இதை எட்டப் பலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பார்க்கும் வேலையை விடாதீர்கள். கடன்பட்டுக் கேமரா வாங்கவே வாங்காதீர்கள். கைப்பேசி போதும், குரல் மட்டும் தெளிவாகப் பதிவாகட்டும்.

சந்தாதாரர் எண்ணிக்கைக்குப் பணம் வரும் என்று நினைப்பது தவறு: லட்சம் பேர் இருந்தாலும் விளம்பரம் ஓடாத காணொளிக்கு விளம்பரப் பங்கு கிடையாது.